நாலரை மீட்டருக்கு உள்ளே

பெயாட்டன்பெர்க்கில் முதல் கேபிள் கார்.
மடியில் துவாய் சுற்றிய அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்.
தூன் நகரத்துக் கடையில் சனி, ஞாயிறுக்கு வாடகை;
முன்பணம் என் அரை மாதச் சம்பளம்.
கைக்குழந்தையா என்றார் எதிரே இருந்தவர்.
அதைவிடப் பாரம் என்றேன்.

நீடர்ஹோர்ன் முகட்டில் ஒன்பது மணிக்கு
வரையாடு.
இந்த ஊரில் அதற்கு வேறு பெயர்,
என் வாய்க்கு இதுதான் வருகிறது.
கொம்பின் வளையங்களை எண்ணினேன், பதினொரு வயது.
இடது காதில் மஞ்சள் வில்லை.
அது தலையைத் திருப்பி
வில்லையை மறைக்கும்வரை பொறுத்திருந்தேன்.
ஆம், பொறுத்திருந்தேன்.

பிறகு அழுத்தினேன்.
ஏரிக்கு அப்பால்
இருபது கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி நின்ற ஐகர்
எழும்பி வந்து
ஆட்டின் முதுகோடு ஒட்டிக் குந்தியது.
இடையில் கிடந்த அவ்வளவு காற்றும்
எங்கே போனதோ.
முன்னால் புல் பச்சைப் புகை.
கம்பிவேலி கரைந்தது.
வாங்கில் பாண் தின்ற பிள்ளை,
அவளுடைய செம்மஞ்சள் தொப்பி,
கரைந்தன.
மனிதர் இன்னும் வந்திறங்காத ஒரு காலை
கமராவின் முதுகில், மூன்று அங்குலத்தில்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதனால்தான்
ஆடு நடந்து வந்ததைப் பார்க்கவில்லை.

திரும்பக் கண்ணை வைத்தபோது
பழுப்பு.
வெறும் பழுப்பு.
மோட்டார் முன்னும் பின்னும் முனகித் தேடியது.
நாலரை மீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால்
இந்த லென்ஸுக்குக் கண் தெரியாது.

ஆடு என் தோள்பையின் வாரை நக்கியது.
வாரில் என் வியர்வை உப்பு.
நான் அசையவில்லை.
கை மட்டும் மெல்ல ஊர்ந்து
பழைய இருபத்துநாலை எடுத்து மாட்டியது.

அந்தப் படத்தில்
மூக்கு ஒரு பூசணிக்காய்.
கொம்புகள் சட்டத்தை உடைத்து வெளியே வளைகின்றன.
ஐகர் ஒரு பால்பல்.
மஞ்சள் வில்லையில் எண் வாசிக்கலாம், 47.
வேலி இருக்கிறது. வாங்கு இருக்கிறது.
பிள்ளையின் கையில் பாண் பாதிவழியில் நிற்கிறது.
கீழ் மூலையில் என் சப்பாத்து.

இறங்கும்போது யோசித்தேன்.
மலையை இழுத்து வந்தது லென்ஸ் இல்லை.
தள்ளி நின்றது நான்.
தள்ளி நிற்பவளுக்கு
ஆட்டுக்கும் மலைக்கும் நடுவே
பெரிய தூரம் ஒன்றும் இல்லை.

திங்கள் காலை லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
கடைக்காரர் முன் குழலைத் தட்டினார்.
ஒரு முடி விழுந்தது, தடித்த முடி.
என்னுடையது இல்லை என்றேன்.

மாலையில் உணவகச் சமையலறை.
பாத்திரம் கழுவும் செலாமாவிட்டிடம்
இரண்டு படத்தையும் காட்டினேன்.
முதலாவதைப் பார்த்து,
'வடிவு. எங்கே வாங்கினாய்?'
இரண்டாவதைக் கனநேரம் பார்த்தாள்.
சவர்க்கார நுரை மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

'இதன் மூச்சு நாறியதா?'

நாறியது என்றேன்.
நனைந்த கம்பளி, புளித்த புல்,
பிறகு வேறு ஏதோ,
எனக்கு இன்னும் பெயர் பிடிபடவில்லை.