பெட்டிக்குள் எழுதவும்

மின்சாரக் கம்பெனிக்காரி கேட்டாள்:
"இன்னும் கொஞ்சம் மனுஷக் கை மாதிரி?"

ஃபுட்ஸ்க்ரே ஸ்டூடியோவில் இரண்டு வாரம்
எழுத்துருக்களைத் துழாவினேன்.
கிடைத்தது ஒன்று.
லிஸ்பனில் யாரோ வரைந்தது, உரிமம் நாற்பது டாலர்.
கூர் மழுங்கிய முனை,
மை தீரப்போகிற இடத்தில் ஒரு மெலிவு,
வரியை விட்டு லேசாகச் சறுக்கும் அடி.

ஒரே ஓ அடுத்தடுத்து வந்தால்
குட்டு உடைந்துவிடும்.
அதனால் மூன்று ஓ செய்து சேர்த்தேன்,
அதில் ஒன்று வாய் மூடாதது.
தலைப்புக்கு மட்டும், பத்திக்கு வேண்டாம் என்றேன்;
அன்பை எட்டுப் புள்ளியில் வாசிக்க முடியாது.
சிரித்தார்கள். கைகுலுக்கினார்கள்.

ஒப்பந்தம் முடிந்து ஐந்தாம் மாதம்,
சன்ஷைனில் ஜூலைக் குளிர்,
ஹீட்டரை அணைத்துவிட்டுப் பிரித்தேன்.

"ஹலோ நிறைமதி,
உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்."

அந்த வாய் மூடாத ஓ.

கீழே, சாதாரண எழுத்தில்,
வெள்ளிக்குள் கட்டாவிட்டால் துண்டிப்பு.

கூடவே ஒரு படிவம்.
கஷ்டத்தில் இருப்போர் தவணை கேட்க
கறுப்புப் பேனா,
பெரிய எழுத்து,
பெட்டிக்கு ஒன்றாக.
கூட்டி எழுதினால்
மெஷின் வாசிக்காதாம்.

அச்சு மாதிரியே எழுதினேன்,
பெயர், தெரு, கணக்கு எண்,
வருமானம் என்ற இடத்தில் ஒரு சைபர்.
விரல் விறைத்து
அது மட்டும்
கோட்டைத் தாண்டிவிட்டது,
வாய் மூடாமல்.