உப்புத் துள்ளும் பேணி

பள்ளிக்கூட மணி என்று நாங்கள் சொல்வது
வேப்பமரத்தில் தொங்கும் ஒரு துண்டுத் தண்டவாளம்.
ஒருகாலம் யாரோவின் பங்கருக்கு வளையாய்க் கிடந்தது.
மூன்றாம் நாள் அது அடிக்க
நிதுசன் மேசைக்குக் கீழே போனான்.
வெளியே எடுக்க இடைவேளை முடிந்துவிட்டது.
"செல்லம் குடுத்துக் கெடுத்திட்டியள்" என்றார் அதிபர்.
பிள்ளையை ஒரு கையிலும் பையை மறு கையிலுமாக
உடையார்கட்டுச் சந்தி தாண்டி
நடந்து வந்துவிட்டேன்.

இப்போது வகுப்பு குசினியில்.
மஞ்சள் பூசிய கடுதாசியில்
சவர்க்காரத் தண்ணி பட்டால் சிவக்கும்,
தேசிக்காய் பிழிந்தால் திரும்பவும் மஞ்சள்.
பதினான்கு தரம் செய்தான்.
பிறகு கேட்டான்,
"அதுக்கு நோகுமா அம்மா?"
சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எனக்கு எஸ்.
தெரியாது என்றேன்.
கொப்பியில் அப்படியே எழுதினான்:
மஞ்சள். நோகுமா தெரியாது.

பால்மாப் பேணியின் இரண்டு பக்கமும் வெட்டி
ஒரு வாயில் பலூனை இழுத்துக் கட்டினோம்.
வெட்டிய பலூன் வெடிக்காது என்று
அவன் நம்புவதற்கு ஒரு முழுப் பகல் போனது.
மேலே இடித்த உப்பு, ஒரு சிட்டிகை.
கீழிருந்து "ஓ" என்றேன்.
துள்ளியது.
"மெல்ல" என்றான்.
மெல்லச் சொன்னேன், மெல்லத் துள்ளியது.
"சத்தம் எண்டா கோவம் இல்லையா?"
"இல்லையடா. காத்து தள்ளுது, அவ்வளவுதான்."
"அப்ப ஏன் எனக்கு மட்டும்?"
"உன்ர காதில இருக்கிற பலூன்
கொஞ்சம் மெல்லிசாக்கும்."
பிழையாய்ச் சொன்னேனோ தெரியாது. அவனுக்குப் போதுமாய் இருந்தது.

அன்றிலிருந்து பேணி அவனோடு திரிந்தது.

உழவு மெசின்: கொஞ்சம்.
மயில்: ஒருக்கா.
தகரத்தில மழை: நிறைய, நிக்கவே இல்லை.
அப்பா தும்மினது: உப்பு முழுக்கக் கொட்டுப்பட்டது.
றெஜினா மாமி சிரிச்சது: நிறைய. பயமில்லை.

பிள்ளையார் கோயில் கடைசித் திருவிழா.
நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு இருந்தேன்.
வாணம் விட்டார்கள்.
பிறகு பார்த்தால்
கை மாவோடு நிலத்தில் கிடக்கிறேன்,
கன்னத்தில் சாணி மெழுகின் ஈரம்.
எப்போது படுத்தேன் தெரியாது.
அவன் நின்றுகொண்டிருந்தான்,
பேணியை இரண்டு கையாலும் பிடித்தபடி,
உதடு நடுங்க, ஆனால் நின்றுகொண்டு.
மாவைத் தட்டிவிட்டு எழும்பியபின்
கொப்பியைப் பார்த்தேன்:
வாணம். உப்பு துள்ள முதல் அம்மா படுத்திட்டா.

"உங்கட பலூன் என்னதிலும் மெல்லிசா?"
புட்டு அவிய வைக்கவேண்டும் என்றேன்.

மாரி பிடித்த இரவு, மின்வெட்டு.
மின்னலுக்கும் இடிக்கும் நடுவே
எண்ணக் காட்டிக் கொடுத்தேன்.
மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர்.
ஒன்று இரண்டு மூன்று
அவன் ஒன்பதில் நின்றான்.
"மூண்டு கிலோமீற்றர். எங்களுக்கு வராது."
எங்களுக்கு வராது என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.
"இது எந்த வகுப்பில படிச்சனீங்கள்?"
"ஆறாம் வகுப்பில.
அந்த வருசம் பள்ளிக்கூடம் இல்லை."
"அப்ப என்னை மாதிரி வீட்டிலயா?"
"வீடும் இல்லை."
அதை அவன் எழுதவில்லை.
அடுத்த மின்னல் வந்தது,
இருவரும் சேர்ந்து எண்ணினோம்.

நேற்றுக் கட்டாயக் கல்வி அலுவலர் வந்தார்,
மூன்றாம் தரம். அதே சிவப்புக் கோப்பு.
படிவத்தில்
'பாடசாலை செல்லாமைக்கான காரணம்',
அதற்கு நேரே இரண்டு அங்குல வெற்றிடம்.
பேனையை மூடியோடு வைத்துக்கொண்டு இருந்தேன்.
நிதுசன் பேணியைக் கொண்டுவந்து
அவருடைய நாடிக்குக் கீழே நீட்டினான்.
"கதையுங்கோ."
அவர் என்னைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார்.
உப்பு துள்ளியது.
"மெல்ல" என்றான் நிதுசன்.
அவர் கோப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து,
தன் பெயரை
மெல்லச் சொன்னார்.