உங்கள் வீடுதானா

காய்கிறதா என்று பார்க்கத்தான் கொடிக்கு வந்தேன்.
காற்று எனக்குப் பின்னால் கதவைச் சாத்தியது.
இழுத்தால் பூட்டிக்கொள்ளும் ரகம்.
சாவி உள்ளே, துவரம்பருப்பு டப்பாவின் மேல்.

கூறைநாடு. ஐப்பசிக் கடைசி. இரவு ஒன்பதே முக்கால்.
துலாக்கட்டத்தில் முழுகவந்த ஊரெல்லாம்
லாட்ஜ் மாடிகளில் ஈர வேட்டி தொங்கவிட்டுத் தூங்குகிறது.
நைட்டியோடு நான்.
கைபேசியில் பதினோரு சதவீதம்.

மின்கம்பத்தில் ஒரு ஸ்டிக்கர்: இருபத்துநாலு மணி நேரமும்.
அழைத்தேன்.
"லொகேஷன் போடுங்க மேடம், இருநூறுதான்."
எந்தப் பூட்டு என்று அவன் கேட்கவில்லை.
அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வந்தவன் ட்ரில்லை வெளியே எடுத்துவிட்டுத்தான்
கதவைப் பார்த்தான்.
"துளை போட்டாத்தான் வரும். மூவாயிரத்து ஐநூறு."
பிறகு ஜன்னலைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான்.
"தனியாவா இருக்கீங்க?"

மாமா வந்துகொண்டிருக்கிறார் என்றேன்.
எனக்கு மாமா இல்லை.
வந்த கூலி இருநூறை அனுப்பினேன்.
அவன் வண்டிச் சத்தம் மணிக்கூண்டுப் பக்கம் திரும்பும்வரை
இல்லாத மாமாவுக்காகத் தெருவைப் பார்த்து நின்றேன்.

ஏழு சதவீதம்.

மூலை மெடிக்கலில் பையன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.
கேட்டதும் மறுபடி ஏற்றினான்.
உட்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில்,
சாக்பீஸில் ஒரு எண்.
"நத்தர்ஷா. நீடூர்க்காரர். போன வருஷம் இது மாட்டிக்கிட்டப்ப
அவர்தான் வந்தாரு. அப்புறம் மாட்டவே இல்ல."

அவர் போனிலேயே கேட்டார்:
கைப்பிடி உருண்டையா, நீட்டமா?
சாவித்துளைக்கு மேல் என்ன பேர் போட்டிருக்கு?
மழையில் கதவு ஊதியிருக்கா?
"பகல்னா நூத்தம்பது, இப்ப முந்நூறு.
பூட்டு சேதமானா காசு வேணாம்."

டிவிஎஸ் ஃபிப்டியில் வந்தார்.
உரச்சாக்கில் சுற்றிய பையைக் கீழே வைத்தார், பிரிக்கவில்லை.
"உங்க வீடுதானா?"

ஆமாம் என்றேன். அது போதவில்லை.
போனிலிருந்த ஆதாரில் ஜெயங்கொண்டம்.
ஒப்பந்தப் பத்திரம் உள்ளே, பீரோவில்.
வீட்டுக்காரர் குவைத்தில், எடுக்கவில்லை.
கரண்ட் பில்லோ, இறந்துபோன அவர் அப்பா பெயரில்.
ஆறு மாதமாக நான் பெருக்கித் துடைக்கிற வீடு
என்னுடையது என்று சொல்ல
ஒரு காகிதம் இல்லை.

"தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னா போதும்மா."

தெரிந்தவர் எதிர்வீட்டுத் தையல்நாயகி.
முந்தாநாள்தான் மோட்டார் சத்தத்துக்காக
நீயா நானா என்று ஆகிப்போனது.
கேட்டைத் தட்டினேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.
என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்,
வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள்.

"இந்தப் பொண்ணுதான்.
ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் போட்டு
தெருவையே தூங்க விடாதது இதுதான்.
பேரு பூங்கோதை. ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்குது."

இதைவிட உறுதியான அத்தாட்சி
எந்தத் தாலுகா ஆபீசிலும் கிடைக்காது.

பழைய டைரியில் பெயர், கதவிலக்கம், மணி,
தையல்நாயகியின் கையெழுத்து.
பிறகுதான் பையைப் பிரித்தார்.
தோளால் கதவைக் கொஞ்சம் அழுத்தி
"மரம் ஊதினதுக்குப் பூட்டு மேல பழி" என்றார், தனக்குள்.
மெல்லிய தகடு ஒன்று. ஒரு இருமல் நேரம்.

கதவு விரல் அகலம் திறந்தது.
அவர் அதற்குமேல் தள்ளவில்லை.
தெருப்பக்கம் திரும்பி நின்று
கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.
பருப்பு டப்பா. சாவி.

முந்நூறை எண்ணி வாங்கியவர் சொன்னார்:
"எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு பாத்தீங்கல்ல.
நாளைக்கே பூட்டை மாத்திருங்க.
என்கிட்ட வேணாம். வேற ஆளை வெச்சு மாட்டுங்க.
எனக்குத் தெரியாம இருக்கறது நல்லது."

மாற்றிவிட்டேன்.
மூன்று சாவி கொடுத்தார்கள்.
ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்துவைக்கலாமா என்று
நாலு நாளாக யோசிக்கிறேன்.
இன்னும் கொடுக்கவில்லை.

மோட்டாரை மட்டும்
எட்டரைக்கே நிறுத்திவிடுகிறேன்.