எட்டாம் இடம்

திங்கட்கிழமை பத்து மணிக்கு
லண்டனிலிருந்து ஒரு குரல் கூப்பிடும்.
பெயர் ரஸ்ஸல் பிம். முகம் தெரியாது.
இருமுவான், மன்னிப்புக் கேட்பான்,
"ஹல் நகரம், சொல்லுங்கள்" என்பான்.
பொட்டலத் தாளில் நான் கிழித்த
பென்சில் கோடுகளை எண்ணிச் சொல்வேன்:
கண்ணீர்ப் பாட்டு பதினேழு,
எக்காளம் ஊதுகிறவன் பதினொன்று,
இரட்டையர் சிரிக்கும் வால்ட்ஸ் ஒன்பது.
மிட்டாய்க்குக் கூப்பன் கேட்கிற ஊரில்
பாட்டுக்கு மட்டும் பங்கீடு இல்லை.

வெள்ளிக்கிழமை அச்சில் வரும்.
பன்னிரண்டு பாட்டுகள், ஒன்றின் தோளில் ஒன்று.
இருபது கடைகளின் அவசரக் கூட்டல்
ஒரே இரவில் தேசத்தின் காதாகிவிடும்.
முதலாளி ஸ்டாதர்ஸ் அதைக்
கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்.
அப்புறம் யாரும் பாட்டின் பெயரைக் கேட்பதில்லை.
"முதலாவதைக் கொடு" என்பார்கள்,
போட்டுக்கூடப் பார்க்காமல்.

திருமதி கார்ட்டன் எந்தக் கணக்கிலும் வராதவள்.
மீன் கொட்டடியிலிருந்து நேரே வருவாள்,
கையுறைக்குள் செதிலோடு.
இரண்டாம் கூண்டு, ஒரே இசைத்தட்டு,
சனிதோறும் மூன்று முறை.
வீட்டில் கிராமபோன் இல்லை.
வீட்டுக்காரன் ஐஸ்லாந்துப் பக்கம், கடலில்.
கூண்டுக் கண்ணாடிக்குள் அவள் உதடு அசையும்;
எனக்குக் கேட்பது ஊசியின் கரகரப்பு.
வாங்காமல் கேட்டவளுக்குக்
கோடு கிழிக்க ஏது வழி?

நவம்பரில் ஒரு திங்கள்.
பிம் இருமி முடிப்பதற்குள்
அந்தத் தட்டுக்கு ஆறு என்றேன்.
விற்றது இரண்டு.
"ஆறா?"
"ஆறு."
அவள் கேட்ட தடவைகளைக் கூட்டினால்
அறுபது தாண்டும்; நான் குறைத்துத்தான் சொன்னேன்
என்று பகல் முழுக்க
என்னோடு நானே வாதாடினேன்.

வெள்ளியன்று எட்டாம் இடத்தில்
இரண்டு பாட்டுகள்.
ஒரு நாற்காலியில் இருவர்
ஆளுக்குப் பாதி உட்கார்ந்தது போல.
அதில் ஒரு பாதிக்கு
என் பென்சில்தான் முட்டுக்கட்டை.

சனிக்கிழமை, தெருவில் நின்றபடியே
விரல் வைத்து அந்தப் பட்டியலைப் படித்தாள்.
நான் தட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன்.
"ஊரெல்லாம் இதைத்தான் கேட்கிறதா?"
ஆமாம் என்றேன், பெருமை தாங்காமல்.
கழற்றிய கையுறையை
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
யாரோ அவள் படுக்கையறையில்
விளக்கைப் போட்டுவிட்ட மாதிரி ஒரு முகம்.

"அப்படியென்றால் வேறு ஏதாவது போடு, எனிட்.
யாரும் கேட்காததாக."

அலமாரியின் அடித்தட்டில் குனிந்தேன்.
அங்கே தூசியோடு
நானூறு இருந்தன.