மூடாத தையல்

பாகாவ் கடைத்தெருவில், டயர்க் கடைக்குப் பக்கத்துக் கிளினிக்.
பின்கட்டில் என் எக்ஸ்ரே அறை.
செம்பனை லோரி போனால் படத்தட்டு லேசாக அதிரும்.
மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது
லோரிக்கும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இன்று வந்தவர் பெலவேந்திரன், வயது நாற்பத்தொன்று.
பத்தொன்பது கிலோக் குலை
அரிவாளுக்கு முந்திக்கொண்டு விழுந்திருக்கிறது.
மஞ்சள் தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்ததாம்.
"கூடைக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார்.
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

பல்செட், கழுத்துச் சிலுவை, இரண்டையும்
கிண்ணத்தில் வைத்தேன்.
நெற்றியும் மூக்கும் தட்டில் பட
சுவரிடம் மன்னிப்புக் கேட்பவர் போல் நின்றார்.
கதவுக்கு இந்தப் பக்கம் வந்து அழுத்தினேன்.

தலைக்கு இருபத்திரண்டு எலும்பு.
அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான்;
ஊர் வம்பு முழுக்க அது ஒன்று செய்த வேலை.
மற்றவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
வாய் திறப்பதில்லை.
கண்ணின் உள்மூலையில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒன்று,
பெயரே கண்ணீர் எலும்பு.
மூக்கை நடுவில் பிரிப்பது கலப்பைக் கொழு.
சொந்தமாய் ஒரு சாண் நிலம் உழாதவர்கள்
ஆளுக்கொரு கொழுவை முகத்துக்குள் வைத்துக்கொண்டு
விடியுமுன் போய்க் கித்தா வெட்டியிருக்கிறார்கள்.

பொட்டு வைக்கும் இடம் வேறு, பொட்டெலும்பு வேறு.
அது காதோரம், சிரட்டையைவிட மெல்லியது.
அதன் உள்பக்கம் நாடி ஒன்று போன தடம்,
பால்மரத்து வெட்டுப் போலச் சாய்ந்து.
அங்கே பட்டால்
ஆள் எழுந்து உட்கார்ந்து கோப்பி கேட்பார்.
குவளை ஆறுவதற்குள் சாய்வார்.
அதனால் முதலில் அங்கேதான் பார்த்தேன்.
சுத்தம்.

பிறகு நெற்றி.
மூக்கின் வேரிலிருந்து உச்சிவரை
நட்டநடுவே ஒரு கோடு.

கை வியர்த்தது.
ஒன்பது வருடத்துக்கு முன், இதே நாற்காலி.
மூன்று வயது யஷ்வினியின் பின்மண்டையில் ஒரு கோடு.
"விரிசல்" என்றேன்.
அவசரத்தில் டாக்டரும் நம்பினார்.
ஆம்புலன்ஸ். கோலப்பிலா. புக்கிட் பூத்தூஸ் வளைவுகள்.
வளைவுக்கு வளைவு தாய் அழுத அழுகை
சிரம்பானில்தான் போய் நின்றது.
அங்கிருந்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"இது தையல்தானே" என்றாராம்.
அந்தத் "தானே"
மாதாமாதம் என் சம்பளத்தில் இன்னும் பிடித்தமாகிறது.

அப்புறம் தெரிந்துகொண்டேன்.
விரிசலுக்கு அவசரம். நேரே ஓடும்,
எந்த எலும்பின் எல்லையையும் மதிக்காது.
தையல் தயங்கும், நெளியும்,
விட்டுக்கொடுத்து, வாங்கிக்கொண்டு,
இரண்டு லயத்து வீடுகள் வேலித் தகராறைப் பேசி முடிப்பது போல.

பெரிதாக்கினேன்.
கோடு நெளிந்தது. சின்னச் சின்னப் பற்கள்.
பிறக்கும்போது எல்லோருக்கும் நெற்றி இரண்டு துண்டு.
நடக்கப் பழகும் காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.
சிலருக்கு ஏனோ ஒட்டுவதில்லை.
ஆக, இவருக்கு மட்டும் இருபத்து மூன்று.

டாக்டர் லியூ பார்த்துத் தலையாட்டினார்:
வீக்கத்துக்கு ஐஸ், மூன்று நாள் விடுப்பு,
வாந்தி வந்தால் உடனே வரவேண்டும்.
பெலவேந்திரன் திரைக்கு அருகே குனிந்தார்.
"இதான் தலையெழுத்தா?"
எழுதுவதற்கு முன் போட்ட கோடு என்று சொல்லியிருக்கலாம்.
எனக்கு அதெல்லாம் வீட்டுக்குப் போனபிறகுதான் தோன்றும்.
"பொறந்ததிலேருந்து இருக்கு, ஒண்ணுமில்ல" என்றேன்.
"ரெண்டு மனசுக்காரன்னு என் பொண்டாட்டி ஏசுவா.
ஒரு பிரதி கொடுங்க. காட்டணும்."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன்.
மச்சான் வண்டியைக் கிளப்ப, இவர் பின்னால்.
படம் மடங்காமல் இருக்கக் கூடையில் இடம் வேண்டுமே.
மஞ்சள் கவசத்தை எடுத்தார்.
எங்கே வைப்பது என்று
இரண்டு பக்கமும் பார்த்தார்.
தலையில் வைத்துக்கொண்டார்.
வீக்கத்தின் மேல் கொஞ்சம் சாய்வாக.