சின்ன யானை

"நான்கு சக்கர வாகனம் உள்ளதால்
தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது."
இ-சேவைப் பையன் வாசித்துவிட்டு
இருபது ரூபாய் கேட்டான்.

உண்மைதான்.
சின்ன யானை ஒன்று நின்றது வாசலில்.
ஆர்.சி. புத்தகத்தில் மாதப்பன் பெயர்;
மற்றபடி ஒரு டயர்கூட எங்களுடையதில்லை,
பைனான்ஸ்காரனுடையது.

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி
கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கிய மாசியில்
யாரும் லோடு ஏற்றவில்லை.
யானை நின்றது. தவணை நடந்தது.

பட்ஜெட் வாசித்த அன்று
ஷெட்டில் ரோஜாவை இருபது இருபதாகக் கட்டிக்கொண்டே
போனில் கேட்டோம்.
கோடிக்கு எத்தனை சைபர் என்று பேச்சு வந்தது.
நாகவேணிக்குத்தான் தெரிந்திருந்தது.
அவளுக்கு ஆயிரம் வருகிறது.
பதினைந்தாம் தேதி பிள்ளைக்கு முட்டை பப்ஸ் வாங்குவாள்,
என் மகனுக்கும் ஒன்று.
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் வருவதில்லை.

பங்குனியில் வண்டியை இழுத்துப் போனார்கள்.
மேல்முறையீடு எழுதினேன்: இப்போது இல்லை.
"இல்லை என்பதற்குச் சான்று?"

கூட்டிவந்து காட்டவா,
ஆயில் சொட்டிக் கறுத்த மண்ணை?
கோழிகூட அங்கே கிளறுவதில்லை.

ஆபீஸ் கணினிக்குள்
இன்னும் நிற்கிறது யானை,
முழுசாக எங்களுடையதாய்.