மூன்று தட்டு

பல்த்தசார் கிந்தேலாவின் நினைவுக் குறிப்புகள்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு
ட்ராமில் ஏறியதும் பிரித்தேன்.
போர்ட்டோவில் ஆற்றோரமாகவே போகும் வண்டி,
அதற்கு எந்த அவசரமும் கிடையாது.

முதல் அத்தியாயத்தில் கப்பல்.
பதினாறு வயதில் அங்கோலாவுக்கு,
நூற்றிருபது மாலுமிகளுக்குச் சமைத்தபடி.
எனக்குத் தெரிந்து அவர் ஏறிய ஒரே கப்பல்
அஃபுராதா மீன்துறைக்குப் போகும் படகு.
எட்டு நிமிடப் பயணம். அதிலும் வாந்தி.

மூன்றாவதில்
மயோனைஸை முன்னிட்டு ஓர் அட்மிரலோடு வாள்சண்டை.
ஐந்தாவதில் சர்க்கஸ்காரி.
ஏழாவதில் அவள் தங்கை.
ஒன்பதாவதில் சிறை, ஒரே ஓர் இரவு,
காவலாளிக்கு வெங்காயம் நறுக்கச் சொல்லிக்கொடுத்து
விடியுமுன் விடுதலை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.
இவர் தோட்டத்தையே மறைக்கிறார்,
அதுவும் ருசியாக.
எதிர் இருக்கைக்காரர் ஏன் சிரிக்கிறீர்கள் என்றார்.
பதில் சொல்லி முடிக்கப் பல வருடம் ஆகும்,
அவரோ அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்.

நான் தேடியது வேறொரு பக்கம்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் சிக்கலே இல்லை.
'பாருங்கள், பவழமாய்ச் சிவந்துவிட்டது' என்பார்,
நாடே தலையாட்டும்.
திரையில் மிளகாயும் கரியும் ஒரே சாம்பல்.
எண்பதில் வண்ணம் வந்தது.
முதல் ஒத்திகையில்
பச்சைக் குடைமிளகாயைத் தூக்கிப் பிடித்து
'இந்த ரத்தச் சிவப்பு' என்றார்.
விளக்குக்காரர்கள் சிரித்தார்கள், நகைச்சுவை என்று.
நான் சிரிக்கவில்லை.
பாத்திரம் கழுவுகிறவளுக்கு
முகங்கள் கீழிருந்து தெரியும்.

அன்றிரவு ஒப்பனை அறையில் கேட்டார்:
'எர்மெலிந்தா, சிவப்பு எப்படி இருக்கும்?'
சூடாக இருக்கும் என்றேன்.
வேறென்ன சொல்ல.

மறுநாள் முதல் சமையல் மேடைக்கு அடியில் நான்,
முழங்கால் மடக்கி,
ஒரு கையில் மரக்கரண்டி,
மூக்குக்கு நேரே சின்ன மானிட்டர்.
ஒரு தட்டு: இன்னும் ஆகவில்லை.
இரண்டு தட்டு: இறக்குங்கள்.
மூன்று தட்டு: கருகிவிட்டது,
ஏதாவது கதை சொல்லுங்கள்.

அப்படிப் புறப்பட்டதுதான் அங்கோலாக் கப்பல்,
புட்டிங்குக்குக் காய்ச்சிய சீனி தீய்ந்த ஒரு வியாழக்கிழமை.
அட்மிரல், வாத்துச் சோறு அடிப்பிடித்த கிறிஸ்துமஸ் வாரம்.
சர்க்கஸ்காரி கயிற்றைக் கடந்து முடிப்பதற்குள்
இன்னொரு சட்டியை மேலே தள்ளியிருப்பேன்.
தங்கையா?
அந்தச் சட்டியும் கருகியது.

மூன்று மனைவிகள் வந்து போனது மட்டும் நிஜம்.
நூலில் அவர்களுக்கு அரைப் பத்தி.

இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் கிடைத்தேன்.
'என் சமையலறையில் எர்மெலிந்தா இருந்தாள்,
தீயாய்ச் சிவந்த கூந்தல்காரி.'
அவ்வளவுதான்.
கரண்டி இல்லை, மானிட்டர் இல்லை,
மேடைக்கு அடியில் எவரும் இல்லை.
என் முடி பிறந்ததிலிருந்தே நனைந்த தவிட்டு நிறம்.
கோபப்படலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.
வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்து
கடல் தெரிந்தது.
ஒருநாளும் பார்த்திராத நிறத்தைத் தேடி எடுத்து
என் தலையில் வைத்திருக்கிறார் மனிதர்.

சனிக்கிழமை, புத்தகக் கடை, தெருவரை வரிசை.
எண்பத்திரண்டு வயது.
கழுத்தில் பட்டுக்குட்டை, யாரோ கட்டிவிட்டது.
என் முறை வந்தது.
நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
'யார் பெயருக்கு?'
சொன்னேன்.
பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
பின்னால் வரிசை நெளிந்தது,
கடைப் பெண் கடிகாரம் பார்த்தாள்.

மேஜைக்கு அடியில் கையை விட்டு
விரல் மடக்கி
மூன்று தட்டினேன்.

முதுகு நிமிர்ந்தது.
பேனாவை மூடி ஓரமாக வைத்தார்.
என்னைத் தாண்டி, வரிசையின் கடைசி ஆள்வரை பார்த்தார்.
'ஜான்ஸிபாரில் ஓர் இரவு' என்றார்,
'என்னிடம் இருந்ததெல்லாம்
ஓர் ஒட்டகமும் அரை எலுமிச்சையும்தான்.'